பக்குவம் சொல்லாதவர்

ஊறுகாய் நன்றாக இருக்கிறதே, எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், "எல்லாம் கண் அளவுதான்" என்று பதில் சொல்லும் அம்மாள் ஒருவர் எங்கள் உறவில் இருந்தார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் கண்ணால்தான் அளந்தார். ஆனால் வெந்தயத்தை வறுத்துப் பொடித்துப் போட்டதையும், எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியதையும் 'கண் அளவு' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளித்துவிட்டார். கேட்டவள் வீட்டுக்குப் போய்த் தன் கண்ணால் அளந்து போட்டு, பத்தாம் நாள் பூஞ்சை பூத்த ஜாடியைக் கொல்லையில் கவிழ்ப்பாள். அம்மாளின் ஊறுகாய்க்குப் பெயர் இன்னும் ஒரு படி ஓங்கும்.

வீட்டுக்குள் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இதே காரியம் பிழைப்புக்காக நாலு பேர் கூடி வேலை செய்யும் இடத்தில் நடந்தால் சிரிப்பு வருவதில்லை. தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டா? தொழிலின் பக்குவம் என்பது அவன் உழைத்துச் சேர்த்த சொத்தா, அல்லது யாரிடமோ வாங்கி யாருக்கோ கொடுக்க வேண்டிய கைமாற்றா? இந்தக் கேள்வி என்னை வெகு காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது. பதில் தெரிந்துகொண்டு நான் எழுத உட்காரவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1996-ஆம் வருஷம் கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். பெயர்தான் புரூப் பார்ப்பது. பில் எழுதுவது, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டு போனவர்களிடம் பாக்கிக்கு நடையாய் நடப்பது, முதலாளிக்கு வெற்றிலை வாங்கி வருவது எல்லாம் அதில் அடக்கம். ஈய எழுத்து அச்சு சாகக் கிடந்த காலம் அது. பக்கத்து நகரங்களில் ஆப்செட் வந்து வேரூன்றிவிட்டது. எங்களிடம் ஒரு டிரெடில், ஒரு சிலிண்டர் மிஷின், தேய்ந்த எழுத்து நிறைந்த பத்துப் பன்னிரண்டு கேஸ்கள். இவற்றை வைத்துக்கொண்டு கோயில் நோட்டீஸும் ரசீதுப் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்தோம்.

அச்சு மிஷினில் எழுத்தின் மேல் மையைத் தடவுகிற உருளைக்கு ரோலர் என்று பெயர். எங்களைப் போன்ற பழைய அச்சகங்களில் அதை விலைக்கு வாங்க மாட்டார்கள், வார்ப்பார்கள். வச்சிரத்தை ஊறவைத்து உருக்கி, வெல்லப்பாகு சேர்த்துக் கலக்கி, நடுவில் இரும்புத் தண்டு நிற்கும் ஒரு நீளக் குழாய்க்குள் ஊற்றி, ஓர் இரவு ஆறவிட்டு உருவி எடுக்க வேண்டும். கேட்கச் சுலபம். பாகு ஒரு பங்கு மிஞ்சினால் சித்திரை வெயிலில் ரோலர் இளகி எழுத்தின் மேலேயே வழியும். ஐப்பசி மழையில் அதே ரோலர் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்து உப்பிக்கொண்டு மையைப் பிடிக்க மாட்டேன் என்று வழுக்கும். பாகு குறைந்து பசை மிஞ்சினாலோ, கட்டை மாதிரி இறுகிப் பாதி எழுத்து விழும், பாதி விழாது. ஆகவே வெயிலுக்கு ஓர் அளவு, மழைக்கு ஓர் அளவு, இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ அளவுகள்.

அந்த அளவுகள் எங்கள் அச்சகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மிஷின்காரர். அறுபதைத் தாண்டியவர். முதலாளி முதல் பால்காரன் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ரோலர் வார்க்கிற நாளில் பின்கட்டுச் சாய்ப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வச்சிரம் உருகும் நாற்றம் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வரும். அதை மறைக்க அவருக்கு வழியில்லை.

மிஷினுக்குத் தாள் கொடுக்க ஒரு பையன் இருந்தான். பதினேழு வயது இருக்கும். கெட்டிக்காரன். எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எழுத்தோ படமோ ஓர் ஓரத்தில் மங்கலாக விழுந்தால், அழுத்துகிற பக்கத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒட்டி உயரத்தைச் சமன் செய்வது வழக்கம். வெட்டி ஒட்டிய துண்டின் விளிம்பு சில சமயம் அச்சில் ஒரு கோடாகத் தெரியும். ஒரு நாள் தேய்ந்துபோன பழைய முருகன் பிளாக் ஒன்று, வேலும் மயிலும் துலங்க அழகாக விழுந்திருந்தது. கோடே இல்லை. என்ன செய்தாய் என்று கேட்டேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை எடுத்து, கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து ஒட்டியிருக்கிறான். கிழிந்த ஓரம் மெலிந்து மெலிந்து போவதால் விளிம்பு தெரியவில்லை. கைதேர்ந்த அச்சுக்காரர்கள் செய்கிற காரியம் அது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணாச்சி அந்த நோட்டீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

பையன் ரோலர் விஷயத்தை மூன்று தடவை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. முதல் தடவை, "பொறவு சொல்லுதேன்லே" என்றார். இரண்டாம் தடவை, "எனக்கு என்னல தெரியும், ஏதோ கைக்கு வந்ததைப் போடுதேன்" என்றார். மூன்றாம் தடவை கொஞ்சம் கோபமாகவே, "சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காவ. அவுககிட்டப் போய்க் கேளு" என்றார். முதலாளி அப்படியெல்லாம் சொல்லவில்லை. முதலாளிக்கு ரோலரில் வெல்லம் இருப்பதே எறும்பு மொய்த்தால்தான் ஞாபகம் வரும்.

அந்த மூன்றாம் தடவைதான் பையன் இன்னொன்றும் கேட்டான். "வெல்லத்துக்குப் பதிலா வேற எதையாச்சும் போட்டா என்ன அண்ணாச்சி? எறும்பாவது வராதுல்லா?" அண்ணாச்சி பதில் சொல்லாமல் மிஷினை ஓட்டினார்.

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணாச்சி காய்ச்சலில் படுத்துவிட்டார். கோயில் நோட்டீஸ் ஆயிரம் போட வேண்டும். வெயிலில் ரோலர் கரைந்துவிட்டது. முதலாளி வெளியூரில். பையன் ராத்திரி என்னிடம், "நான் வார்த்துப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டான். பார் என்றேன். வச்சிரத்தை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில்தான் உருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பசை அடிப்பிடித்துக் கருகியது. வார்த்தது விடிகாலையில் குழாயிலிருந்து பாதியாக முறிந்து வந்தது. சரக்கும் போயிற்று, நோட்டீஸும் அடுத்த தெரு அச்சகத்துக்குப் போயிற்று. முதலாளி வந்து பையனின் சம்பளத்தில் பிடித்தம் எழுதச் சொன்னார். என் கையால்தான் எழுதினேன். ஒரு வாரத்தில் பையன் நின்றுவிட்டான்.

அண்ணாச்சி திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு புது ரோலர் வார்த்தார். முதலாளி எல்லோர் முன்னாலும், "அண்ணாச்சி இல்லேன்னா இந்தக் கடை இல்லே" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அன்றைக்கு ராத்திரி அவரோடு நடந்து போகும்போது, வயசுக்கு மீறின துணிச்சலோடு கேட்டுவிட்டேன். "அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?" கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு சொன்னார். இதற்கு முந்தி வேறோர் ஊரில் பெரிய அச்சகத்தில் இருந்தாராம். அங்கே ஒரு பையனைப் பிள்ளை மாதிரி வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். ஆறே மாதத்தில் முதலாளி, பாதிச் சம்பளத்துக்கு அந்தப் பையனை வைத்துக்கொண்டு இவரை அனுப்பிவிட்டாராம். "தொழிலைச் சொல்லிக் கொடுத்தேன் தம்பி. கூடவே என் கூலியையும் கொடுத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். வீடு வந்துவிட்டது.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளராக இருந்தால் உடனே ராமாநுஜரைக் கூப்பிட்டுவிடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து உபதேசம் பெற்று, யாருக்கும் சொல்லாதே என்ற ஆணையை மீறிக் கோயிலின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. நரகம் கிடைக்குமே என்றதற்கு, நான் ஒருவன் போனால் போகட்டும் என்றாராம். மகத்தான கதைதான். ஆனால் மந்திரம் சொல்லச் சொல்லக் குறைவதில்லை. அண்ணாச்சியின் மாதச் சம்பளம் குறையும். நரகத்துக்குப் போகத் தயாராயிருப்பவரும், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறவரும் ஒரே தராசில் நிற்க முடியாது. பேச்சாளர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் மறைப்பவர்கள் எல்லோரும் இல்லாதவர்கள்தானா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் சேம்பர்லென் என்று ஒரு வைத்தியக் குடும்பம் இருந்தது. குழந்தை வெளிவராமல் சிக்கிக்கொண்டால், தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தெடுக்கும் இடுக்கியை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் வைத்திருந்தார்கள். அரசிகளுக்கு வைத்தியம் பார்த்த குடும்பம், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கருவியை யாருக்கும் காட்டவில்லை. மூடிய பெரிய பெட்டியில் கொண்டுவந்து, பெற்றவளின் கண்ணைக் கட்டிவிட்டு எடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. 1670-இல் பாரிஸில் விலை பேசிப் பார்த்தார்கள், பேரம் படியவில்லை. 1813-இல் அவர்களுடைய பழைய வீட்டில் தரைப்பலகைக்கு அடியிலிருந்து அந்த இடுக்கிகள் கிடைத்தன. அவை பெட்டிக்குள் கிடந்த காலமெல்லாம் எத்தனை பிரசவ அறைகளில் என்னென்ன நடந்திருக்கும் என்பதை நினைத்தால், அண்ணாச்சியின் சாத்திய கதவு எனக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றுகிறது.

ஆனால் என் மனசு நிற்பது வேறோர் இடத்தில். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில், கணக்கு வாத்தியார்களின் நடுவில். எனக்குக் கணக்கு வராது. ஆயினும் இந்தக் கதை கணக்கு வராதவனுக்கும் புரியும்.

அந்த நாளில் அங்கே கணக்காசிரியரின் வேலை நிலையானதல்ல. ஒருவரையொருவர் பகிரங்கப் போட்டிக்கு அழைப்பார்கள். ஜெயித்தவனுக்கு மாணவர்களும் பதவியும். தோற்றவனுக்கு ஊர்ச் சிரிப்பு. ஆகவே புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதை அச்சிட மாட்டான். இடுப்பில் கத்தி செருகிக்கொள்வதுபோல் வைத்துக்கொள்வான். ஓர் எண்ணின் கனம் வருகிற முப்படிச் சமன்பாட்டில் ஒரு வகைக்கு விடை காணும் வழியை, போலோஞா நகரத்துப் பேராசிரியர் சிப்பியோனே தெல் பெர்ரோ கண்டுபிடித்தார். மூடியே வைத்திருந்தார். 1526-இல் சாவதற்கு முன் அந்தோனியோ பியோர் என்ற மாணவனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு கத்தியை வைத்துக்கொண்டு பியோர் 1535-இல், வெனிஸ் நகரத்தில் பாடம் சொல்லிப் பிழைத்த தார்தாலியாவைப் போட்டிக்கு அழைத்தான். தார்தாலியா என்பது இயற்பெயர் அல்ல. திக்குவாயன் என்று அர்த்தம். 1512-இல் பிரெஞ்சுப் படை அவருடைய ஊரைச் சூறையாடியபோது, சிறுவனாயிருந்த அவர் வாயில் வாள் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு பேச்சு திக்கிற்று. ஏழை. பெரும்பாலும் தானே படித்துக்கொண்டவர். ஒருவருக்கொருவர் முப்பது கணக்குகள் என்று ஏற்பாடு. பியோர் கொடுத்த முப்பதும் ஒரே ஜாதி, முப்படிக் கணக்குகள். தார்தாலியா மண்டையை உடைத்துக்கொண்டு, கெடு முடியச் சில நாள் இருக்கையில் ஒரு ராத்திரி வழியைத் தானே கண்டுபிடித்தார். பிறகு முப்பதையும் இரண்டே மணி நேரத்தில் போட்டு முடித்தார். அவர் கொடுத்த விதவிதமான கணக்குகளில் பியோர் திணறிப்போனான்.

பியோரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ரகசியம் அவனிடம் பொட்டலமாக வந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவோ, அது ஏன் பலிக்கிறது என்று கேட்கவோ, இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்கவோ அவன் முயன்றதாகத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் பொத்தி வைத்திருந்தான். அத்தனை வருஷமும் ரகசியம் அவனைப் படிக்க விடவில்லை.

இனி அடுத்த ஆள். மிலான் நகரத்து வைத்தியர் கார்தானோ. பணமும் செல்வாக்கும் உள்ளவர். 1539-இல் தார்தாலியாவை வீட்டுக்கு அழைத்து உபசரித்து, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்து, அந்த வழியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தார்தாலியா அப்போதும் நேராகச் சொல்லவில்லை. புதிர் மாதிரி ஒரு செய்யுளாகச் சொன்னார். சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும் என்றால் நம்மவர்களும் செய்யுளைத்தானே நாடினார்கள்!

கார்தானோ வீட்டில் பெர்ராரி என்று ஒரு பையன் இருந்தான். 1536-இல் பதினாலு வயதில் வேலைக்காரனாக வந்தவன். புத்திசாலி என்று கண்டு கார்தானோ அவனுக்குத் தமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். தார்தாலியாவின் வழியும் அந்தப் பையனுக்குத் தெரிந்தது. விளைவு, 1540-இல் அவன் அதன் மேல் ஏறி நின்று நாற்படிச் சமன்பாட்டுக்கே விடை கண்டுவிட்டான். கற்றுக் கொடுத்தவராலும் முடியாத காரியம். ஆனால் அதை வெளியிட வேண்டுமானால் முப்படி வழியையும் வெளியிட்டாக வேண்டும். சத்தியம் குறுக்கே நின்றது. 1543-இல் குருவும் சீடனும் போலோஞாவுக்குப் போய், செத்துப்போன தெல் பெர்ரோவின் நோட்டில் அதே வழி முன்பே எழுதியிருப்பதைப் பார்த்தார்கள். கார்தானோவின் மனச்சாட்சிக்கு அது போதுமாயிருந்தது. 1545-இல் எல்லாவற்றையும், தார்தாலியாவின் பெயரையும் சொல்லியே, 'ஆர்ஸ் மாக்னா' என்ற புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார். தார்தாலியா கொதித்துப்போய், சத்தியம் செய்த கதையை மறு வருஷமே புத்தகத்தில் எழுதித் திட்டினார். 1548-இல் மிலானில் பெர்ராரியோடு நேருக்கு நேர் நடந்த வாதத்தில், முடிவுக்குக் காத்திராமல் ஊர் திரும்பினார். 1557-இல் இறந்தார்.

கொடுத்த வாக்கை மீறினது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெட்டுப்பட்ட வாயோடு பிழைப்புக்குப் போராடிய மனிதரின் ஒரே சொத்தை, வசதியுள்ளவர் ஒருவர் நைச்சியமாக வாங்கிவிட்டார். இப்படிச் சொல்லிவிட்டு, சரி, கார்தானோ வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அந்த வேலைக்காரப் பையன் கண்டுபிடித்தது என்னவாகியிருக்கும் என்று கேட்கிறேன். நியாயம் தார்தாலியாவின் பக்கம் இருக்கிறது. என் ஆசை பெர்ராரியின் பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஓரிடத்தில் உட்காரவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. தோற்றவனுக்குச் சோறில்லை என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால், தார்தாலியா செய்யுளில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்திராது. எங்கள் அண்ணாச்சியும் கதவைச் சாத்தியிருக்க மாட்டார்.

அச்சக வேலையை விட்டுச் சென்னைக்கு வந்த பிறகு, நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அச்சுத் தொழில் கைப்புத்தகம். எட்டு ரூபாய். அதில் ரோலர் வார்ப்பது பற்றித் தனியாக ஓர் அத்தியாயம்! வெயிலுக்கு இத்தனை பங்கு, குளிருக்கு இத்தனை பங்கு என்று விவரமாக இருந்தது. நெருப்பில் நேரே வைக்காதே என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை. பாகுக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்தால் ரோலர் சீக்கிரம் இறுகாமல் வெகு நாள் உழைக்கும் என்றும் எழுதியிருந்தது. பையன் கேட்ட கேள்விக்குப் பதில்! நடைபாதையில் நின்றபடியே அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

அண்ணாச்சி ஆயுள் முழுக்கக் காத்த ரகசியத்தின் விலை எட்டு ரூபாய் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது சரியல்ல. அவரிடம் இருந்ததில் பாதிதான் அந்தப் புத்தகத்தில் இருந்தது. உருவிய ரோலரைப் புறங்கையால் தொட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் விடுகிற அந்தப் பதத்தைக் கண்டு தலையாட்டுவாரே, அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அது சொல்லி வருவதல்ல. கூட நின்று, நூறு ரோலரைத் தொட்டு வருவது. அளவை மறைப்பதற்காகக் கதவைச் சாத்தினாரே, அந்தக் கதவு எழுதி வைக்க முடியாத பாதியையும் சேர்த்து அடைத்துவிட்டது. இன்னொன்று: அவர் கடைசிவரை வெல்லத்தை விடவில்லை. வெல்லம்தானா என்று அவரைக் கேட்ட ஒரே ஆளையும் அவர் போகவிட்டுவிட்டார்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஆசிரியராகத் தகாதவருக்கு நாலு உவமை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே தவிர, அவற்றை நின்று பார்த்தவர்கள் குறைவு. மடற்பனை ஒன்று, கருக்கு மட்டையால் யாரையும் ஏறவிடாது, தானாகப் பழம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பருத்திக் குண்டிகை ஒன்று. பஞ்சடைத்த குடுக்கை, அடைக்கும்போதும் சிரமம், எடுக்கும்போதும் பிய்த்துப் பிய்த்துத்தான் வரும். முடத்தெங்கு ஒன்று, தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், வளைந்து போய்க் காய் உதிர்ப்பது அடுத்த வீட்டுக் கொல்லையில். கழற்காய் போட்ட குடம் ஒன்று. போட்ட வரிசையில் எதுவும் வெளியே வராது. எந்த ஆபீஸிலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் இந்த நாலையும் நாற்காலியோடு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மேல்நாட்டில் இதை இப்போது சாஸ்திரமாகவே ஆராய்கிறார்கள். 2012-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், வேலை செய்யும் இடத்தில் கேட்டவனுக்குத் தெரிந்ததை மறைப்பது மூன்று வகை என்றார்கள். பிறகு தருகிறேன் என்று தட்டிக்கழிப்பது அல்லது வேறெதையோ கொடுத்து அனுப்புவது, தெரியாதவன்போல் நடிப்பது, சொல்லக்கூடாது என்று காரணம் காட்டுவது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி மூன்று தடவை சொன்ன மூன்று பதில்கள், அதே வரிசையில்! 2014-இல் ஸ்லோவேனிய, நார்வே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மறைத்தால் கேட்டவன் மட்டும் நஷ்டப்படுவதில்லை. அவன் அவநம்பிக்கை கொண்டு தன்னிடமிருப்பதை மறைக்க ஆரம்பிக்கிறான். அதனால் முதலில் மறைத்தவனுடைய புதுமை காணும் சக்தியே குறைகிறது என்றார்கள். ஒருவரையொருவர் முந்தச் சொல்லி விரட்டும் இடத்தில் இந்தக் கேடு அதிகம், கற்றுத் தேறுவதை மதிக்கும் இடத்தில் குறைவு என்றும் கண்டார்கள்.

இதற்கு எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. நானே சாட்சி.

அண்ணாச்சியைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னவன் என்னைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நாலாவது வகை மறைப்பாகிவிடும். 2008-இல் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வருகிற கதைகளை வெட்டிச் சீர்செய்து அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். நான் வெட்டிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த இடத்திலே ஏன் சார் வெட்டினீங்க?" என்று கேட்பாள். "அனுபவத்திலே வரும்மா" என்பேன். கண் அளவு! என் காதில் அந்த ஊறுகாய் அம்மாளின் குரல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு வாரம் நான் லீவில் இருந்தபோது, தொடர்கதை அத்தியாயம் ஒன்று பக்கத்துக்கு மிஞ்சிவிட்டது. அவள் ஒரு பத்தியை வெட்டினாள். நன்றாகத்தான் வெட்டியிருந்தாள். ஆனால் ஓவியர் ஒரு வாரம் முன்பே கைப்பிரதியைப் படித்து, அந்தப் பத்தியிலுள்ள ரயில் நிலையக் காட்சியைத்தான் வரைந்திருந்தார். ரயிலே இல்லாத கதைக்கு நடுவில் ரயிலடியில் நின்று அழும் பெண்ணின் படம் வெளிவந்தது. எந்தக் காட்சிக்குப் படம் என்ற பட்டியல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அப்படி ஒரு பட்டியல் உண்டு என்பதையே நான் அவளுக்குச் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து வேறொரு கதையை வெட்டிக்கொண்டிருந்தேன். "நீங்க இல்லேன்னா ஒரு வாரம் தாங்கலையே" என்று ஆசிரியர் பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளூர இனித்தது.

எனக்கு மகள் கல்யாணக் கடன் ஒன்றும் இல்லை. எந்த முதலாளியும் என்னை முன்னால் ஏமாற்றியதில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு வேலை சௌகரியமாயிற்று. இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்தச் சௌகரியம்தான் என்னைக் கெடுத்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொகுப்புக்காக, நான் வெட்டி வெளியிட்ட கதைகளை அவற்றின் கைப்பிரதியோடு வைத்துப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டு கதைகளில் ஒன்பதில் கடைசிப் பத்தியை எடுத்திருந்தேன். ஒன்பதில் நாலைந்து கதைகளுக்கு அந்தப் பத்திதான் உயிர். 'ஏன் சார் வெட்டினீங்க' என்று கேட்க ஆள் இருந்திருந்தால், முதல் வருஷத்திலேயே எனக்குப் பதில் சொல்ல வராமல் போயிருக்கும். என் பழக்கம் பழக்கம்தான், ரசனையல்ல என்று புரிந்திருக்கும். அவள் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமலே இருக்கிறேன்.

போன வருஷம் ஊர்ப்பக்கம் போனபோது அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்று சொல்வது தப்பு; நாற்பதைத் தாண்டித் தொந்தி விழுந்த மனிதர். அச்சகத்தை விட்டு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் சொந்தமாகச் சின்ன ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்து நன்றாகவே நடக்கிறது. என்னை அடையாளம் கண்டு, வாயெல்லாம் பல்லாக நாற்காலி இழுத்துப் போட்டார். அன்றைக்கு நல்ல மழை. காற்றெல்லாம் ஈரம். அப்படியும் மிஷினிலிருந்து வந்த பத்திரிகையில் சந்தன நிறமும் குங்கும நிறமும் ஒன்றோடொன்று கலங்காமல் கண்ணைப் பறித்தன. மழை நாளில் ஆப்செட்டில் தண்ணீரும் மையும் சண்டை போடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

மிஷின் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் தாள் அடுக்கிக்கொண்டிருந்தான். என் கேள்வியைக் கேட்டதும் அவன் கை நின்றது.

அவர் அவனைப் பார்த்தார். "ஏலே, சாருக்கு ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றார். அவன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருத் திரும்புகிற வரை சும்மா இருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் என்ன சேர்க்கிறார், மழைக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எனக்குச் சொன்னார்.